அரிசிக்குத் திறந்த துறைமுகம்

பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்பிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே!

1972-ல் சோவியத் ரஷ்யா ஒரு வரி போட்டது. படித்தவன் நாட்டை விட்டுப் போவதானால், அவன் படிப்புக்கு அரசு செலவழித்ததைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். யூதர்களைக் குறிவைத்த வரி அது. உடனே அமெரிக்காவில் ஜாக்சன், வானிக் என்ற இரு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கிளம்பினார்கள். 'குடிமக்களை வெளியே விடாத நாட்டுச் சரக்குக்கு இங்கே வரிச் சலுகை கிடையாது' என்றார்கள். 1975 ஜனவரியில் அது சட்டமானது.

இந்தக் கதை காரைக்குடிக்கு எதற்கு என்கிறீர்களா? இதைப் பேச இந்த ஊருக்கு இல்லாத உரிமை வேறு எந்த ஊருக்கு?

நம் செட்டியார்கள் 'கொண்டுவிக்க', அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன சீமை பர்மா. 1930 வாக்கில் அங்கே சுமார் 1,650 செட்டியார் லேவாதேவிக் கடைகள். நெல் விலை சரிந்த அந்தப் பத்தாண்டில் கீழ்பர்மாவின் விளைநிலத்தில் கால் பங்கு கடனுக்காக அவர்கள் கைக்கு வந்தது. நிலத்தை இழந்த பர்மா விவசாயிக்கும் ஒரு வழக்கு உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 1964-ல் ரங்கூன் துறைமுகத்தில் ஊர் திரும்பக் கப்பலுக்கு நின்றவர்கள் எல்லாம் லேவாதேவிக்காரர்களா? கணக்கப்பிள்ளை நின்றார். சமையல்காரர் நின்றார். மூட்டை தூக்கியவர் நின்றார். மார்ச்சில் பர்மாவின் ராணுவ ஆட்சியாளர் நே வின் அரசு கடைகளை எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. சுங்கத்தில் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றச் சொன்னார்கள். தாலியையும் விடவில்லை என்று வந்தவர்கள் சொல்லி அழுதார்கள்.

ரஷ்யா ஆளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. பர்மா பணத்தைப் பூட்டிக்கொண்டு ஆளைத் துரத்தியது. இரண்டும் ஒரே சுங்கச்சாவடிதான்!

நம் டெல்லி என்ன செய்தது? 1954-லேயே 9 லட்சம் டன் பர்மா அரிசிக்கு ஒப்பந்தம் போட்ட அரசு அது. அரிசி வாங்குகிறவன் கையில்தானே பிடி இருக்கிறது? அந்தப் பிடியை இறுக்கவில்லை. அமைச்சர் ரங்கூன் போனார், பிரதமர் சாஸ்திரியும் 1965-ல் போனார், கை குலுக்கினார்கள். நாடு திரும்பியவர்களுக்குக் கிடைத்தது பர்மா காலனி என்ற குடியிருப்பு.

'மிரட்டினால் முறுக்கிக்கொள்வான்' என்பார்கள். உண்மைதான். 1973-ல் சுமார் 35,000 யூதர்களை வெளியே விட்ட ரஷ்யா, சட்டம் வந்த 1975-ல் 13,000 பேரைத்தான் விட்டது. அதனால்தான் சொல்கிறேன், சண்டை வந்த பிறகு சாட்டையை எடுக்காதே. கையெழுத்துப் போடும்போதே எழுதி வாங்கு!

இன்று நம் பிள்ளைகள் இருப்பது வளைகுடாவில். முதலாளி அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேற முடியாது என்ற விதியைக் கத்தார் 2018-ல் பெரும்பாலானோருக்கு எடுத்தது. நாம் கேட்டா எடுத்தது? உலகக் கோப்பை வருகிறது, ஊரே பார்க்கிறது என்ற நெருக்கடியில் எடுத்தது. சவூதியின் 2021 சீர்திருத்தமோ வீட்டு வேலைக்காரரையும் ஆடு மேய்ப்பவரையும் தொடவே இல்லை. அதே கத்தாரிடம் 2048 வரை ஆண்டுக்கு 75 லட்சம் டன் எரிவாயு வாங்க 2024-ல் ஒப்பந்தம் போட்டோம். விலை பேசினோம், அளவு பேசினோம். ஆளைப் பற்றிப் பேசினோமா?

ஆகவே இந்த மேடையிலிருந்து கேட்கிறோம்: இனி எந்த நாட்டோடு வணிக ஒப்பந்தம் போட்டாலும், பாஸ்போர்ட் தொழிலாளி கையில்தான் இருக்கும், சம்பள பாக்கியை வாங்கிக்கொண்டு அவன் நினைத்த அன்று ஊர் திரும்பலாம் என்று ஒரு பிரிவு அதில் இருக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிற எம்.பி. வேட்பாளர் யாராக இருந்தாலும், முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்!