பாதையின் உரிமை கடலிலும் உண்டு

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

கடலில் செல்லும் கப்பலைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் திருமறையில் பல இடங்களில் நினைவூட்டுகிறான். உலக வணிகச் சரக்கில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது கப்பலில்தான் செல்கிறது. நாம் நோன்பு திறக்கும் பேரீச்சம்பழமும், சமையலறைப் பாமாயிலும் கடல் கடந்தே வருகின்றன. இது பெரும் அருட்கொடை. ஆனால் ஒவ்வோர் அருட்கொடைக்கும் மறுமையில் கேள்வியும் உண்டு.

கடலுக்குள் ஒளி வெகுதூரம் எட்டாது. ஒலியோ நீரில் விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் விரைகிறது. காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். ஆகவே திமிங்கலத்துக்குச் செவியே கண். தன் இனத்தை அழைப்பதும், தாயும் கன்றும் ஒன்றையொன்று பிரியாதிருப்பதும் ஒலியால்தான். பெருங்கப்பலின் உந்துவிசிறி சுழலும்போது எண்ணற்ற குமிழிகள் தோன்றி உடைகின்றன. அவ்விரைச்சல், பெரிய திமிங்கலங்கள் குரல்கொடுக்கும் அதே தாழ்ந்த சுருதியில் எழுந்து அக்குரலை அமிழ்த்திவிடுகிறது. உயிரினங்களும் நம்மைப்போன்ற சமுதாயங்களே என்றும், அவை செய்யும் துதியை நாம்தான் உணர்வதில்லை என்றும் இறைவன் அறிவித்திருப்பதை இங்கே எண்ணிப் பாருங்கள்.

இதற்குச் சான்று உண்டா? உண்டு. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களைத் தொடர்ந்து, கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் நடமாட்டம் குறைந்தது. நீரடி இரைச்சலும் 6 டெசிபல் தணிந்தது. அங்கிருந்த ரைட் வகைத் திமிங்கலங்களின் கழிவைச் சோதித்தவர்கள், உடல் படும் அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் குறைந்திருக்கக் கண்டனர். 2012-இல் இவ்வாய்வு வெளியாயிற்று. அந்த வாயில்லா ஜீவன்கள் அதுவரை எத்தகைய வேதனையில் உழன்றன என்பது அப்போதுதான் புலப்பட்டது.

இரைச்சலோடு கப்பல் மோதி மாள்வதும் உண்டு. அதனால்தான் அதே வளைகுடாவில் 2003-இல் கப்பல் பாதை, திமிங்கலங்கள் கூடும் இடத்தைவிட்டு விலக்கி அமைக்கப்பட்டது. நமக்கு அருகிலும் இந்நிலை உள்ளது. இலங்கையின் தென்கோடியில், தேவேந்திரமுனையை ஒட்டி நெரிசல் மிகுந்த கப்பல் பாதை அமைந்தது; நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் இடமும் அதுவே. கப்பல்கள் 15 கடல்மைல் தெற்கே விலகிச் சென்றால் மோதும் அபாயம் 95 விழுக்காடு வரை குறையும் என்று ஆய்வாளர்கள் கணித்தனர். 2022-இல் எம்.எஸ்.சி. நிறுவனம் தானே முன்வந்து தன் சரக்குக் கப்பல்களை அவ்வாறு திருப்பியது.

அருமைச் சகோதரர்களே! பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்று அண்ணலார் (ஸல்) கற்பித்தார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பதை அவ்வுரிமைகளில் ஒன்றாக எண்ணினார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்றார்கள். கடலும் பாதைதான். அங்கே நமக்கு முன்பிருந்தே வாழ்வோர் உளர்.

சற்று விலகிச் செல்வதால் நேரமும் எரிபொருளும் கூடுமே என்பர். தெருவில் முதியவருக்கு வழிவிடுபவருக்கும் சற்று நேரம் செல்லத்தான் செய்கிறது. வேகத்தைக் குறைத்தாலோ எரிபொருளும் மிஞ்சும், இரைச்சலும் தணியும்.

கப்பலில் பணிபுரியும் நம் பிள்ளைகள், திமிங்கலம் வாழும் பகுதிகளில் விழிப்போடு பார்வை செலுத்தட்டும். சரக்கு வரவழைக்கும் வணிகர்கள், விலகிச் செல்லும் கப்பலின் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளட்டும். இல்லத்தில் நாம் வீண்விரயத்தைத் தவிர்ப்போம்.

மீனின் வயிற்றிருளிலிருந்து யூனுஸ் (அலை) அவர்களின் குரலைக் கேட்டவன், ஆழ்கடலின் எல்லாக் குரல்களையும் கேட்கிறான். அவன் படைப்புகளுக்குத் தீங்கிழைக்காத நன்மக்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.