தங்கைமாருக்கு ஒரு தையற் பொதி

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டை முன்னிட்டு, இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குப் புள்ளடித் தையல் பழக ஆளுக்கொரு பொதி கொடுப்பது பற்றிச் சங்கத்தில் பேசி வருகிறோம். கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் நம்மவர்கள் "என்ன வாங்கி அனுப்ப?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலே இவ்வுரை. வைத்தியத்துறைக்குப் போன நமக்கு இதில் என்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். காயம் தைக்கப் பழகுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நாம் ஊசி பிடித்தது இங்குள்ள தையல் வகுப்பில்தான்.

"எனக்குத் தையல் வராது" என்று சொல்லும் பெண்கள் நம்மிடையே பலர். அவர்களிற் பெரும்பாலானோரின் கையில் ஒரு குறையும் இல்லை. கையில் கிடைத்த துணி நெருக்கமானது, ஊசி கூரானது, படம் மிகப் பெரியது. மூன்றாம் நாள் பிள்ளை அதை மூலையில் வைத்துவிடுகிறாள். பன்னிரண்டு வயதில் தன்னைப் பற்றி எடுத்த அந்த முடிவை நாற்பது வயதிலும் மாற்றுவதில்லை. ஆகவே, நாம் எதை அனுப்புகிறோம் என்பது சிறிய விடயமல்ல.

முதலில் துணி. கட்டம் கட்டமாக நெய்த ஐடாத் துணியே தொடங்குபவர்களுக்கு ஏற்றது. 14 எண் துணி என்றால் ஓர் அங்குலத்தில் 14 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளடி. 18 எண் துணி அழகாக இருக்கும், ஆனால் முதல் வேலைக்கு வேண்டாம். கணக்கும் இலகு: 42 கட்ட அகலமுள்ள படம் 14 எண் துணியில் 3 அங்குலம் வரும். இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் விட்டால் 7 அங்குலம். எனவே 8 அங்குலச் சதுரத் துண்டு தாராளம். 110 சென்டிமீற்றர் அகலத் துணியில் ஒரு மீற்றர் வாங்கினால் அப்படி 20 துண்டுகள் வெட்டலாம்.

பக்கத்தில் மருதமுனைக் கைத்தறி இருக்கிறதே, அதில் தைக்கலாமா என்று கேட்பீர்கள். தைக்கலாம், ஆனால் முதலில் ஓர் அங்குலத்தில் நெடுக்கிழை எத்தனை, குறுக்கிழை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் வட்டப் பூ முட்டை வடிவில் வரும். அதனால் கைத்தறி இரண்டாம் வேலைக்கு இருக்கட்டும்.

அடுத்தது ஊசி. முனை மழுங்கிய, காது நீண்ட ஊசி. 14 எண் துணிக்கு 24ஆம் இலக்கம். இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும். மழுங்கிய முனை துணியின் இழையைக் குத்திப் பிரிக்காது, துவாரத்தைத் தானே தேடிப் போகும். பிள்ளையின் விரலையும் குத்தாது. ஒரு பிள்ளைக்கு இரண்டு ஊசி வையுங்கள், ஒன்று தொலையும். நமது கடற்காற்றில் ஊசி விரைவில் துருப்பிடிக்கும். துணியில் குத்தியபடியே விட்டால் துருக்கறை போகாது.

நூல், ஆறு இழை கொண்ட பருத்தி நூல். 1746இல், இன்று பிரான்சில் உள்ள முல்ஹவுஸ் நகரில் தொடங்கிய டீ.எம்.சீ.யின் நூலோ அங்கர் நூலோ, ஒரு கண்டு 8 மீற்றர். இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் அதுவே 24 மீற்றர் ஆகும். நான்கு பிள்ளைகள் பகிரலாம். மூன்று நிறம் போதும். நிற இலக்கத்தை எழுதி அனுப்புங்கள், ஏனெனில் நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறு: கறுப்பு டீ.எம்.சீ.யில் 310, அங்கரில் 403. மலிவான சிவப்பு நூலை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பின்னரே வாங்குங்கள். சாயம் போனால் ஒரு மாத வேலை ஒரு கழுவலில் கெடும்.

இவற்றோடு 5 அங்குல வளையம் ஒன்று, சிறு கத்தரிக்கோல் ஒன்று, பென்சில், சதுரக் கொப்பி. வளையத்தை ஒவ்வொரு நாளும் கழற்றி வைத்தால் துணியில் தடம் விழாது. பொதி இவ்வளவுதான்.

பெரிய குதிரைப் படமும் நாற்பது நிறமும் கொண்ட பெட்டிகளைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அவை முடியாத வேலைகள். பிள்ளைக்குத் தேவை இரண்டு வாரத்தில் முடிக்கும் ஒரு வேலை.

எதைத் தைப்பது? தன் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும். இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் 1598ஆம் ஆண்டுத் தையல் மாதிரித் துணி ஒன்று இருக்கிறது. ஜேன் பொஸ்டொக் என்ற பெண் தன் பெயரையும் ஆண்டையும் அதில் தைத்ததால்தான் இன்று அவரை நாம் அறிகிறோம். பாலஸ்தீனப் பெண்களின் புள்ளடித் தையலை 2021இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் தாயிடமிருந்து மகள் பழகியதே. நமது எழுத்துக்கு அச்சிட்ட மாதிரி தேட வேண்டாம், சதுரக் கொப்பியில் பிள்ளையே வரையட்டும். ஆங்கில எழுத்துக்கு 7 கட்ட உயரம் போதும். நமது வளைந்த எழுத்துக்கு 12 கட்டமாவது வேண்டும்.

தைக்கும்போது முடிச்சு வேண்டாம். நூலை 18 அங்குலத்துக்கு மேல் வெட்ட வேண்டாம். துணியை நான்காக மடித்து நடுவிலிருந்து தொடங்குங்கள். மேலே வரும் தையல் எல்லாப் புள்ளடியிலும் ஒரே பக்கம் சாயட்டும்.

நம் வயதை ஒத்த அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. நாற்பதைக் கடந்தால் கண் வில்லை இறுகிக் கிட்டப் பார்வை குறைவது எல்லோருக்கும் நடப்பது. அதைத் "தையல் மறந்துபோச்சு" என்று எண்ணாதீர்கள். வாசிக்கும் கண்ணாடியும், 11 எண் துணியும், 22ஆம் இலக்க ஊசியும், மூன்று இழை நூலும் எடுங்கள். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும். இருபது நிமிடத்துக்கொருமுறை தூரத்தில் உள்ள தென்னையைப் பாருங்கள்.

2004 சுனாமியில் நம் கரையோர வீடுகள் பலவற்றில் அம்மாமார் தைத்த மேசை விரிப்பும் தலையணை உறையும் போயின. காட்டுவதற்கு மாதிரி இல்லாத வீடுகள் இன்றும் உண்டு. தைக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. ஊரில் இருப்பவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாடசாலைக்கு வாருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் பொதியோடு நீங்கள் தைத்த ஒரு லேஞ்சியையும் வைத்து அனுப்புங்கள். பிள்ளை பார்த்துப் பழக அது உதவும்.