கூண்டை எங்கே காணோம்?

என்னை அறிமுகப்படுத்த ஒரு தோழரை ஏற்பாடு செய்திருந்தார்கள். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் வரைகலைப் பட்டதாரி. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவன். தலித் இயக்கங்களின் சுவரொட்டிகள், இதழ் முகப்புகள் பற்றி இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உதவித்தொகை வராத மாதங்களில் மஞ்சள் நீராட்டு விழா பேனரும் செய்வேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

படிப்பு முடிந்ததும் வேலை கேட்டு ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். என் படங்களைப் புரட்டிய அதிகாரி, "ஒர்க் நல்லா இருக்கு, இந்த அம்பேத்கர் படங்களை மட்டும் எடுத்துடுங்க, கிளையன்ட் பார்ப்பாங்க" என்றார். எடுத்தேன். வேலை கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளுக்கு இரண்டு வருடம் லோகோ போட்டேன். மாமல்லபுரத்துக் கல்லில் செதுக்கிய புத்தர்தான் பல ரிசார்ட்டுகளின் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார். அவரை விதவிதமாக வரைந்து கொடுத்தேன். புத்தர் இருக்கலாம், புத்தரிடம் நம்மைக் கூட்டிப்போனவர்தான் இருக்கக் கூடாது.

அந்த வேலையை விட்டதற்கு ஒரு பழைய பத்திரிகை காரணம். இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் ஓர் இதழ் தொடங்கினார். பெயர் 'பறையன்'. ஒரு பத்திரிகையில் பெரிய எழுத்து அதன் பெயர்தான். ஊரார் வசவாகச் சொன்ன சொல்லை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். வடிவமைப்பு வகுப்பில் உலகத்து லோகோக்கள் எல்லாம் காட்டினார்கள், இதைக் காட்டவில்லை. அவர் தலைப்பாகவே வைத்ததை நான் என் கோப்பிலிருந்து உருவி எடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது அம்பேத்கர் சிலைகளின் கோட்டோவிய வரிசை. மதுராந்தகத்திலிருந்து கடற்கரை வரை பைக்கில் போய், சிலை நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்து வரைவது. முதல் பத்துப் படங்களிலும் கம்பிக்கூண்டை விட்டுவிட்டேன். கம்பிகள் முகத்தை மறைக்கின்றன, பார்க்க நன்றாக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓர் ஊரில் பக்கத்து டீக்கடையிலிருந்து வந்த பெரியவர் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. கூண்டை எங்க காணோம்?" என்றார். அழகுக்காக விட்டேன் என்றேன். "நாங்களா கூண்டு கேட்டோம்? நீ எடுத்துட்டா அதப் போட வச்சவன் தப்பிச்சிடுவான்ல" என்றார்.

பத்தையும் திரும்ப வரைந்தேன்.

கூண்டு பாதுகாப்புக்கு என்பார்கள். 2019 ஆகஸ்ட்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் அம்பேத்கர் சிலையை உடைத்தார்கள். மறுநாளே அரசு புதுச் சிலை வைத்தது. அந்த வேகத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் உடைப்பவன் கை வெளியே இருக்க, சிலைதான் ஊர் ஊராக உள்ளே போகிறது.

சிலை என்றால் இந்த மாவட்டத்தில் காரணையைச் சொல்லாமல் முடியாது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர், நம் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நிலம். நூறு வருடம் கழித்து, கைமாறிப் போன அந்த நிலத்தைக் காரணை மக்கள் கேட்டார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள்.

அவர்களுக்கான நினைவுச் சுவரொட்டிகளை என் ஆய்வுக்காகச் சேர்க்கிறேன். இன்றைய ஃபிளெக்ஸ்களில் தலைவர்கள் படம் முக்கால்வாசி, தியாகிகள் மூலையில் ஸ்டாம்ப் அளவு. நம் ஆட்கள் செய்வதுதான், நானும் செய்து கொடுத்திருக்கிறேன். அடுத்த அக்டோபருக்கு ஒரு சுவரொட்டி போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பெயர்கள், ஒரு தேதி, அந்த ஊர்ப் பெயர். வேறு யார் முகமும் இல்லை. அச்சடிக்கக் காசு தரும் தோழர் ஒருவர் தன் படத்தைக் கீழே சின்னதாகவாவது போடச் சொல்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் ஊர்ச் சிலையின் புகைப்படம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் காட்டுங்கள். கம்பிகள் தெரியும்படி எடுத்ததாக இருக்கட்டும்.