பொட்டலத்தின் மேல் ஒரு பெயர்

 

ஒக்கலிபுரத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீராமபுரம் மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கே ரயில் ஏறி யஷ்வந்தபுரம் பக்கம் போங்கள். நான்காவது நிலையத்தின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். சாண்டல் சோப் ஃபேக்டரி என்று இருக்கும். அது ஊரின் பெயர் இல்லை. தலைவரின் பெயரும் இல்லை. ஒரு சோப்புத் தொழிற்சாலையின் பெயர்!

ஒரு சோப்புக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது? இட்லிப் பொடி விற்பவருக்கும், பூ கட்டுபவருக்கும், துணி தைப்பவருக்கும் அதில் பாடம் உண்டா? உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

தேங்கிக் கிடந்த சந்தனம்

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. அதுவரை மைசூர் ராஜ்யத்தின் சந்தனக் கட்டை ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கேதான் அதிலிருந்து எண்ணெய் வடித்தார்கள். போர் வந்ததும் கப்பல் நின்றது. வாங்க ஆள் இல்லை. கட்டை இங்கேயே தேங்கியது.

அப்போது மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார். அவருடைய திவான் விஸ்வேஸ்வரய்யா. 'நாமே எண்ணெய் வடித்தால் என்ன?' என்று முனைந்தார்கள். வேலை தொடங்கியது. எண்ணெயிலிருந்து சோப்புச் செய்யும் எண்ணமும் வந்தது. சாஸ்திரி என்ற ரசாயன நிபுணரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் தொழிலைக் கற்றுத் திரும்பினார். மைசூர் சாண்டல் சோப்பு பிறந்தது. 1916ஐத் தன் தொடக்க ஆண்டாக அந்த நிறுவனம் கொண்டாடுகிறது.

மாறாத அடையாளம்

அந்தச் சோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுங்கள். முட்டை வடிவம். மூக்கருகே கொண்டு போங்கள். சந்தன மணம். இப்போது கண்ணைத் திறங்கள். அட்டைப் பெட்டியில் ஒரு விலங்கின் படம் தெரியும். சிங்க உடம்பு, யானைத் தலை. அதன் பெயர் சரபம்.

வடிவம், மணம், படம், பெயர். இந்த நான்கும்தான் அந்தச் சோப்பின் அடையாளம். பாட்டி வாங்கிய சோப்பைப் பேத்தியும் கடையில் தேடி எடுக்க முடிகிறது. எழுத்துத் தெரியாதவர்கூடப் படத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கினார். இப்படிப்பட்ட அடையாளத்தைத்தான் வியாபாரிகள் 'பிராண்டு' என்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'மார்க்கு'.

1990களில் இந்த அரசு நிறுவனம் பெரிய நட்டத்தில் விழுந்தது. பிறகு மெல்ல எழுந்து நின்றது. நட்டக் காலத்திலும் மக்கள் அந்தப் பெயரை மறக்கவில்லை. பணம் கரைந்தாலும் பெயர் கரையவில்லை. 2006இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மண்ணுக்கே உரிய பொருள் என்பதற்கு அரசு தரும் அங்கீகாரம் அது. நல்ல பெயர் இருந்தால் போலியும் வரும். 2024 ஜனவரியில் ஹைதராபாத்தில் இதே பெயரில் போலிச் சோப்பு செய்தவர்கள் பிடிபட்டார்கள். பெயருக்கு மதிப்பு இல்லை என்றால் யார் திருடுவார்கள்?

கதவைத் திறந்து வைத்த ஹோட்டல்

அடையாளம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. நம்பிக்கையும் வேண்டும். அதற்கும் பெங்களூரிலேயே ஒரு கதை இருக்கிறது.

லால்பாக் பக்கம் போனவர்களுக்கு எம்.டி.ஆர். ஹோட்டல் தெரியும். மாவள்ளி டிபன் ரூம் என்பதன் சுருக்கம் அது. 1924இல் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மய்யா சகோதரர்கள் தொடங்கிய கடை. இரண்டாம் உலகப் போரில் அரிசிக்குப் பஞ்சம் வந்தது. இட்லிக்கு என்ன செய்வது? ரவையில் இட்லி செய்து பார்த்தார்கள். ரவா இட்லி அப்படிப் பிறந்ததாக அந்த ஹோட்டல்காரர்கள் சொல்கிறார்கள்.

சகோதரர்களில் ஒருவரான யக்ஞநாராயண மய்யா 1951இல் ஐரோப்பாவுக்குப் போனார். அங்கே ஹோட்டல்களின் சுத்தத்தைப் பார்த்தார். திரும்பி வந்து பாத்திரங்களை நீராவியில் சுத்தம் செய்யும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். சமையல் அறையை வாடிக்கைக்காரர்கள் கண்ணால் பார்க்கும்படி வைத்தார்கள். 'எங்கள் கடை சுத்தமான கடை' என்று சொல்வது ஒன்று. கதவைத் திறந்து காட்டுவது வேறு. காட்டுவதற்குத்தான் பலம் அதிகம்.

1975இல் நெருக்கடி நிலை வந்தது. ஹோட்டல் பண்டங்களுக்கு அரசு குறைந்த விலை வைத்தது. அந்த விலைக்கு அதே தரத்தில் கொடுத்தால் நட்டம். தரத்தைக் குறைக்கவும் மனம் இல்லை. ஹோட்டலை மூடினார்கள். பொடியையும் மாவையும் பொட்டலம் கட்டி விற்றார்கள். மக்கள் வாங்கினார்கள். ஏன்? கடை மூடியிருந்தது. ஆனால் எம்.டி.ஆர். என்ற பெயர் மேல் நம்பிக்கை இருந்தது. பிறகு ஹோட்டலும் மறுபடி திறந்தது. பொட்டல வியாபாரமோ நாடெங்கும் வளர்ந்தது. 2007இல் நார்வே நாட்டின் ஓர்க்லா என்ற நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

நம் பொட்டலத்துக்கு வருவோம்

ஒக்கலிபுரத்தில் ஓர் அக்கா இட்லிப் பொடி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் பொடி நன்றாக இருக்கிறது. இரண்டாம் மாதம் உளுந்து விலை ஏறுகிறது. அவர் உளுந்தைக் குறைத்துவிடுகிறார். 'யாருக்குத் தெரியப் போகிறது?' என்று நினைக்கிறார்.

நாக்குக்குத் தெரியும். ஆனால் வாய் சொல்லாது. குறை சொல்லித் திட்டுகிற வாடிக்கைக்காரர் திரும்பி வருவார். பேசாமல் போகிறவர் வரவே மாட்டார். அக்கா என்ன செய்திருக்கலாம்? பொடியை அப்படியே வைத்து, விலையை ஏற்றியிருக்கலாம். அல்லது எடையைக் குறைத்து, புது எடையைப் பொட்டலத்தின் மேல் தெளிவாக எழுதியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் சிலர் முணுமுணுப்பார்கள். ஆனாலும் நம்புவார்கள்.

இனி அந்த அக்கா செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று: ஒரே பெயர். சொல்ல எளிதாக இருக்கட்டும். மாதம் ஒரு பெயர் வைக்கக் கூடாது. ஒரே படம், ஒரே நிறம் போதும். பொட்டலம், பை, பலகை எல்லாவற்றிலும் அதுவே வரட்டும். இன்னொருவர் பெயரைக் காப்பி அடிக்கக் கூடாது. வியாபாரம் வளர்ந்த பிறகு பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாம். அந்தப் பதிவு 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்கலாம்.

இரண்டு: அளவு. 'கைப்பிடி' கணக்கு வேண்டாம். எத்தனை கிராம் உளுந்து, எத்தனை மிளகாய் என்று நோட்டில் எழுதி வையுங்கள். அவர் ஊருக்குப் போனாலும் மகள் அதே சுவையில் அரைப்பாள்.

மூன்று: உபயோகமான செய்தி. பொட்டலத்தின் பின்பக்கம் இரண்டு வரி எழுதலாம். 'ஈரக் கரண்டி போடாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.' கைபேசியில் வாட்ஸ்அப் இருந்தால் வாரம் ஒரு நாள் ஒரு குறிப்புப் போடலாம். பொடி தூவி உருளைக்கிழங்கு வறுப்பது எப்படி? மிளகாய் எப்படிக் காய்கிறது? இப்படிப் படம் காட்டலாம். 'வாங்குங்கள், வாங்குங்கள்' என்று தினமும் கூவினால் அலுத்துவிடும். பயன் உள்ள செய்தி சொன்னால் அடுத்தவருக்கும் அனுப்புவார்கள். படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். 'கன்டென்ட் மார்க்கெட்டிங்' என்பார்கள். விஷயம் இவ்வளவுதான்: முதலில் உதவு, பிறகு விற்பனை செய்.

பொய் மட்டும் சொல்லக் கூடாது. 'சர்க்கரை நோய் தீரும்' என்று எழுதுவது பாவம் மட்டும் இல்லை, சட்டப்படி குற்றமும் ஆகும். உணவுப் பொருள் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்க எண் பெற வேண்டும். எடை, விலை, தேதி, சேர்த்த பொருள், முகவரி ஆகியவை பொட்டலத்தில் இருக்க வேண்டும். கடை வைத்தால் இன்னொன்றும் கவனியுங்கள். பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024இல் கர்நாடகத்தில் சட்டம் வந்தது. நமக்கு அது நல்லதே. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரும் நம் பெயரைப் படிப்பார் அல்லவா?

சகோதரிகளே, சகோதரர்களே! முன்பு நம் சரக்குக்கு வேறு யாரோ பெயர் வைத்தார்கள். நாம் அரைத்த பொடியை மொத்தமாக வாங்கி, தங்கள் பெயரை ஒட்டி விற்றார்கள். லாபமும் பெயரும் அவர்களுக்கே போயின. இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். உங்கள் பொட்டலத்தின் மேல் உங்கள் பெயரை நீங்களே எழுதலாம்.

எழுதிய பெயரைக் காப்பாற்றுவது உங்கள் கையில். இன்று கொடுத்ததையே நாளையும் கொடுங்கள். அந்தப் பெயர் உங்கள் பிள்ளைகளுக்கும் சோறு போடும்.