தூண்டிலும் வில்லும்



ஆவணித் திங்கள் ஆயிலிய நன்னாள் இது. நாகைக் காரோணத்துப் பெருமான் கடற்கரைக்கு எழுந்தருள, பொன்மீனைப் படகிற் கொண்டுசென்று கடலில் விட்ட காட்சியைக் கண்ணாரக் கண்டு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். அதிபத்த நாயனாரைப் போற்றும் இந்நாளில், அடியேன் செய்த பிழை ஒன்றையும் உங்கள் முன் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு வேறோர் ஊரில் கண்ணப்பர் புராணம் சொல்லிவந்தேன். முதல் நாள் முடிவில் ஓர் இளைஞர் வந்து வணங்கினார். நெற்றி நிறைந்த திருநீறு. திருமுறையைப் பண்ணோடு ஓதவல்ல குரல். அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரிபவர், விடுமுறையில் வந்திருந்தார்.

"ஐயா, விடுமுறை நாட்களில் உடன் பணிபுரிவோர் விடியற்காலையில் என்னை ஏரிக்கு அழைத்துச் செல்வார்கள். பாஸ் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போம். அளந்து பார்த்துவிட்டு நீரிலேயே விட்டுவிடுவோம். வெயில் ஏறியதும் காட்டிற்குள் நடப்போம். மானின் குளம்புச் சுவடு எங்கே, கலைமான் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரித்த மரம் எது, மான் படுத்தெழுந்த புல் எது என்று குறித்துக்கொண்டு திரும்புவோம். நவம்பர் 15-ஆம் நாள் துப்பாக்கி வேட்டை தொடங்கும். அதற்கு முன்பே இடம் பார்த்து வைப்பது அங்கே வழக்கம். நான் இதுவரை சுட்டதில்லை. இந்த ஆண்டு உரிமம் வாங்கச் சொல்கிறார்கள். என் மனம் இரண்டுபடுகிறது. நான் என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

கேட்டவர் தெளிவு நாடிக் கேட்டார். நானோ, பலர் நடுவே, "கையில் தூண்டிலும் நெற்றியில் நீறுமா, தம்பி?" என்று சுடுசொற் கூறினேன். அவர் முகம் வாடிற்று. திருநீறும் பெறாமல் சென்றார், மறுநாள் வரவில்லை, அதன் பின்னும் வரவில்லை.

இறுதி நாள் கதைக்கு வந்தேன். காளத்தி மலையில் ஆகம முறைப்படி பூசை புரிந்த சிவகோசரியார், திருமுன்பு இறைச்சி கிடக்கக் கண்டு பதைக்கின்றார். எம்பெருமான் கனவில் தோன்றி, அவனை வெறும் வேடனென்று கொள்ள வேண்டா, மறைந்திருந்து பார் என்று அருள்கின்றான். ஆறாம் நாள் மறைந்திருந்தார். தம் கண்ணை இடந்து அப்பும் அன்பைக் கண்டார். இவ்விடத்தைச் சொல்லும்போது என் நாக் குழறிற்று. சிவகோசரியார் பதைத்தது பூசையின் தூய்மை கருதி. அவரும் பார்த்த பின்னரே தெளிந்தார். நான் பார்க்கவும் இல்லை, பொறுக்கவும் இல்லை.

அன்று சொல்லத் தவறிய விடையை இன்று சொல்கின்றேன்.

நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தருக்கு மீன்பிடித்தல் குலத்தொழில். வலையில் அகப்பட்டவற்றுள் ஒரு மீனை இறைவனுக்கென்று கடலில் விடுவார். பின்னர் நாள்தோறும் ஒரு மீனே அகப்பட்டது. சுற்றம் பசித்தது, அவர் மேனி தளர்ந்தது, ஆயினும் அந்த ஒன்றையும் விட்டார். முடிவில் மணிகள் பதித்த பொன்மீன் வந்தது. அதனையும் விட்டார்! விளையாட்டுக்குப் பிடித்து விடுவதும் இதுவும் ஒன்றாகுமா? ஆகா. தூண்டில் முள் தைத்த வாய்க்கு, விட்டவன் நல்லவன் என்பதால் நோவு குறைவதில்லை. அதிபத்தர் விட்டது தம் பசியை, தம் ஆசையை.

இனி வேட்டை. திண்ணனாரின் கன்னி வேட்டையைப் பாடும் சேக்கிழார் பெருமான், அவ்வேடர் யானைக் கன்றைத் தொடரவில்லை, சிறு குட்டிகளைக் கொல்லவில்லை, கருவுற்ற பிணைமானை வருத்தவில்லை என்று காட்டுகின்றார். கொலையே தொழிலான குலத்திலும் ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லைக்குள் இருந்த நெஞ்சிலேதான், குடுமித்தேவரைக் கண்ட அளவில் அன்பு கரை புரண்டது. அதன் பின் அவர் வில்லெடுத்தது தமக்காக அன்று. இறைவனுக்கு அமுது தேடவே.

ஆதலின், கண்ணப்பரைக் காட்டி வேட்டைக்கு உரிமம் தேடுதல் ஆகாது. பிழைப்புக்காக வலை வீசும் பரதவரைப் பழிப்பதும் ஆகாது. அவர் குலத்தில் ஒரு நாயனாரைப் பெற்ற பேறு நம் சமயத்துக்கு உண்டு. ஆனால் உண்ண உணவு இருக்கப் பொழுதுபோக்கிற்காக ஓர் உயிரைக் கொல்லுதல், கொல்லாமையை அறமாகக் கொண்ட சைவர்க்குத் தகாது.

அந்த இளைஞரிடம் நான் சொல்லியிருக்க வேண்டுவது இதுதான்: "தம்பி! பிடித்த மீனை விட மனம் வந்ததே, அதை வளர்த்துக்கொள். சுவடு தேடும் கூர்மையான கண் உனக்கு வாய்த்திருக்கிறது. மானைப் பார், பார்த்து மகிழ்ந்து திரும்பு. மானைக் கையில் ஏந்திய பெருமானை அங்கேயே நினை. துப்பாக்கி வேண்டா."

அவர் தந்தையாரிடம் முகவரி பெற்று இவ்வாறே கடிதம் எழுதினேன். மறுமொழி இன்னும் வரவில்லை. உரிமம் வாங்கினாரோ, விட்டாரோ, அறியேன். ஐயத்தோடு வாயிலில் வந்து நின்ற ஓர் அடியாரைத் திருப்பி அனுப்பினேன் என்பதை மட்டும் அறிவேன்.

அன்பர்களே! உங்கள் பிள்ளைகள் எந்த நாட்டிலிருந்து எந்த ஐயத்தோடு வந்தாலும், முதலில் திருநீறு கொடுங்கள். பிறகு அறிவுரை சொல்லுங்கள். பொன்மீனை விட்ட அதிபத்தர் திருவடியும், கண்ணை ஈந்த கண்ணப்பர் திருவடியும் நமக்கு அந்தப் பொறுமையைத் தருவனவாக என்று வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.