கழிப்பறைக் குழாய்களைச் செம்மையாகப் பதிப்போம்

(வீரகேரளம்புதூர் வட்டார மக்களுக்கு ஆற்றிய உரை)



2014-ஆம் ஆண்டில் தூய்மை பாரத இயக்கம் தொடங்கிய பின் நம் சிற்றூர்களில் கழிப்பறைகள் பெருகியுள்ளன. ஆயினும் குழாய் அடைபட்டால் கட்டிய அறை விறகடுக்கும் இடமாகும். மக்கள் மீண்டும் ஆற்றங்கரையை நாடுவர். இங்கு ஓடும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்கின்றது. நாம் விடும் மாசு நம்மோடு நிற்பதன்று.

இரட்டைக் குழிக் கழிப்பறையில் நாம் கவனிக்க வேண்டியவை சிலவே. கோப்பையின் கீழுள்ள வளைகுழாயில் 20 மில்லிமீட்டர் உயரம் நீர் நிற்க வேண்டும். நாற்றத்தைத் தடுப்பது அந்நீரே. சாய்வாகப் பதித்தால் அது வடிந்துவிடும். ஆதலின் ரசமட்டம் வைத்துப் பதித்திடுக. குழிக்குச் செல்லும் குழாய்க்கு 15 அடி நீளத்திற்கு 1 அடியேனும் இறக்கம் வேண்டும். குழாயின் அகன்ற வாய் கோப்பைப் பக்கம் நோக்கியிருக்கட்டும். மாற்றி வைத்தால் இணைப்பில் மலம் தங்கும். செங்கோண வளைவு வேண்டா.

பிரிவுத் தொட்டியில் ஒரு வழியை அடைத்து வைப்போம். இரண்டும் திறந்திருப்பின் இரு குழிகளும் ஒருங்கே நிறையும். நிறைந்த குழியை இரண்டாண்டு மூடி வைத்தால் மலம் மக்கி எருவாகும், வயலுக்கு உதவும்.

மண் மூடுமுன் ஒரு வாளி நீர் ஊற்றி ஓட்டத்தையும் கசிவையும் பார்ப்போம். உறுப்பினர் நேரில் கண்ட பின்னரே வேலை முடிந்ததெனக் கொள்வோமாக.