மலிவு டயரும் மதிப்பு டயரும்



நாம் வெட்டும் பாலே டயருக்கும் மூலப்பொருள். ஆயினும் டயர் வாங்கும் வேளையில் நம்மில் பலர் விலையை மட்டுமே கேட்கின்றோம். சிக்கனம் நன்று, அது கண்திறந்து செய்யும் சிக்கனமாக இருத்தல் வேண்டும்.

80 வெள்ளி டயர் எட்டு மாதமே உழைத்தால் மாதச் செலவு 10 வெள்ளி. 160 வெள்ளி டயர் முப்பத்திரண்டு மாதம் உழைத்தால் 5 வெள்ளியே. இவற்றுள் எது மலிவு?

பழைய டயர் வாங்குவோர் அதன் பக்கச் சுவரில் 'டி.ஓ.டி.' எழுத்துகளைத் தொடரும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 1823 எனில், 2023-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் நாளடைவில் இறுகி வெடிப்புறும். மினுக்குப் பூச்சைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பக்கச் சுவரில் புடைப்போ, ஒட்டோ இருப்பின் வேண்டா.

பள்ளங்களினுள் காணும் சிறு மேடுகளின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு அம்மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால், மழையில் நீர் வெளியேற வழியின்றிக் கார் வழுக்கும்.

இரண்டு மட்டுமே வாங்க இயலுமாயின், ஒரே வகையான இரண்டை வாங்கிப் பின்சக்கரங்களில் பூட்டுங்கள். ஈரச் சாலையில் காரின் பின்புறம் விலகாது. கார் ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில், கதவோரத் தாளில் குறித்துள்ள அளவுக்குக் காற்றடையுங்கள். அதற்குச் செலவு மிகக் குறைவு.

அக்காரில் செல்வோர் நம் பிள்ளைகள். செலவழித்த பணம் மீண்டும் வரும்; போன உயிர் வாராது.